கண்ணை மூடச் சொன்ன மேடம்

முதலில் நின்றது, கல்லூரிக்குப் பின்பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியின் சத்தம். அதற்குப் பிறகுதான் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிகள் நின்றன என்று என் நினைவு சொல்கிறது. இரண்டும் ஒரே கணத்தில்தான் நின்றிருக்க வேண்டும், ஒரே கரண்ட்தானே. ஆனால் திருப்பூரில் வளர்ந்த காதுக்கு மெஷின்தான் முதலில் கேட்கும். கல்லூரி அரங்கு நிறைய மாணவர்கள் சம்மணமிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் எங்கள் கவுன்சிலிங் மேடம், "மூச்சை மட்டும் கவனிங்க, வேற எதுவும் வேண்டாம்" என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதி வந்து இறங்கியதும் என் கை போனைத் தேடியது.

என் பயத்தைச் சொன்னால்தான் அந்த மேடத்தைப் பற்றிச் சொல்ல முடியும். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா நிட்டிங் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி பின்னித் தரும் ஜாப் ஒர்க் செய்துவந்தார். மாடியில் நாங்கள் குடியிருந்தோம். தரையில் காலை வைத்தாலே மெஷின் ஓடுவது உள்ளங்காலில் தெரியும். நூல் அறுந்தால் மெஷின் தானாகவே நின்றுவிடும், சின்ன விளக்கு எரியும், அப்பா முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் அம்மாவும் நானும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஓடத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். இப்படி நிறுத்துகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது, அவ்வளவு பழகிப்போயிருந்தது. நான் பிளஸ் டூ படித்தபோது ஒரு மத்தியானம் மெஷின் நின்றது, நின்றது நின்றதுதான். அம்மா கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். கீழே ஓடிப்போய்ப் பார்த்தால், நூல் சுற்றிய கோன்களுக்கு நடுவே அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். உதடு நீலமாக இருந்தது.

பிழைத்துக்கொண்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், மெஷினை விற்றோம். ஆனால் அன்றிலிருந்து சத்தமில்லாத இடம் எனக்கு ஆகாது. அம்மா காலமான பிறகு நானும் அப்பாவும் மட்டும்தான். வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்காவிட்டாலும். கல்லூரியில் வணிகவியல் வகுப்பெடுக்கிறவள், இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவள், அமைதிக்குப் பயப்படுகிறாள் என்று யாரிடம் சொல்ல? ஆகவே சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் நிர்வாகத்துக்கு மன அமைதியின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பிள்ளைகள் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஷிப்டு வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறார்கள், தூக்கமில்லை, பதற்றம், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார்கள். வாரந்தோறும் தியானம் நடத்த வேண்டும், ஆசிரியர்களும் கட்டாயம் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்தான் கவுன்சிலிங் மேடம். என்னைவிடச் சின்னவர். பருத்திப் புடவையும் முதுகுப் பையுமாக, பார்த்தால் கடைசி வருட மாணவி மாதிரி இருப்பார். தியானம் என்றால் முகத்தில் ஒரு சாந்தத்தை ஒட்டவைத்துக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்த எங்களுக்கு அவர் கேன்டீன் போண்டாவை ஊதி ஊதித் தின்றதைப் பார்த்து ஏமாற்றமாகத்தான் இருந்தது.

முதல் வாரமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் செத்துப்பிழைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னக்கா, எதுக்கு இப்படிப் பயப்படுதீங்க?" என்றார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "அப்போ கண்ண மூடாதீங்கக்கா. கதவுப் பக்கம் உக்காருங்க. பயம் வந்துச்சுன்னா எந்திரிச்சு வெளிய போய் அப்பாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வாங்க, ஒண்ணும் குத்தமில்ல" என்றார். அதுதான் எனக்கு அவர் சொல்லித் தந்த தியானம். நானும் வாராவாரம் பாதியில் எழுந்துபோய் அப்பாவுக்கு போன் போடுவேன். "ஏனுங்கப்பா, சாப்டீங்களா?" என்பேன். "இப்பத்தான கண்ணு கேட்ட?" என்பார். திரும்பி வந்து உட்காருவேன்.

இப்படி எழுந்து போகிறவள் நான் ஒருத்திதான் என்றால் சரி. மாணவர்களும் மெதுவாக நழுவத் தொடங்கினார்கள். அதனால் அந்த வாரம் தியானம் ஆரம்பித்ததும் அரங்கின் கதவை வெளிப்பக்கம் தாழ்போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மேடத்துக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் முதல் வேலை ஓடிப்போய் மெஷின் சுவிட்சை அணைப்பது. தையல் மெஷினோ பழைய நிட்டிங் மெஷினோ, போன கரண்ட் சொல்லாமல் திரும்பி வரும்போது ஊசிக்குப் பக்கத்தில் யார் கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கே இது தெரியும். கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப்பேர், தாங்கள் இருப்பது கல்லூரி என்பதை மறந்து, சத்தம் நின்ற மறுநொடி எழுந்து நின்றார்கள். "கரண்டு போச்சு, ஆப் பண்ணுடா!" என்று ஒரு பையன் கத்தினான். இன்னொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் எல்லோரும் எழுந்து நிற்பதைத்தான் பார்த்தார்கள். வடநாட்டுப் பிள்ளை ஒன்று, தீப்பிடித்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, இந்தியில் அலறியது. அவ்வளவுதான், கூட்டம் கதவை நோக்கித் திரும்பியது.

நான்தான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். தள்ளிப் பார்த்தேன், திறக்கவில்லை. முதுகில் ஒரு தோள் இடித்தது, பிறகு எத்தனை தோள்கள் என்று தெரியவில்லை. கன்னம் மரத்தோடு ஒட்டியது, விலா எலும்பு உள்ளே போவது தெரிந்தது. மூச்சை இழுக்க இடமில்லை. என் காலடியில் ஒரு பெண் விழுந்து, "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க" என்று அழுதாள். குனிய முடியவில்லை. மைக் இல்லாமல் மேடம் எங்கோ பின்னால் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது, என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. அப்போது எனக்கு வந்த எண்ணம் சாகப்போகிறேன் என்பதல்ல. அப்பாவுக்கு யார் போன் செய்வார்கள் என்பதுதான். மெஷின் நின்றுவிட்டது, நான் போய்ப் பார்க்க வேண்டும், போக முடியவில்லை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

வாட்ச்மேன் தாழை நீக்கியதும் அத்தனை பேரும் வராந்தாவில் போய் விழுந்தோம். கீழே விழுந்த பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. மேடம் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி, அவளைக் கல்லூரி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் அப்பாவுக்கு போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த மேடம் சாவியை வாங்கிக்கொண்டு, "ஏறுங்கக்கா, வழிய மட்டும் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கரண்ட் இல்லாததால் டிவி ஓடவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடம்தான் முதலில் நுழைந்தார். அப்பா கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை பட்டு சைலண்ட்டுக்குப் போன போன் உள்ளறையில் சார்ஜரில் கிடந்தது. "ஏஞ்சாமி, இந்நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துட்ட? இந்தப் புள்ள யாரு?" என்றார். நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். போனை எடுத்தால் என்ன என்று திட்டினேன். டிவி இல்லாத நேரத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா எங்க உக்காந்திருக்கறேன்? தெனமும் இப்படித்தான் கண்ணு. நீ போனதுலருந்து உன்ற வண்டிச் சத்தம் தெருமொனையில கேக்கற வரைக்கும் இதே வேலைதான். அந்த டிவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கறதில்ல. நீ பயந்துக்குவியேன்னு அணைக்காம வெச்சிருக்கறேன்" என்றார்.

மேடம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். பிறகு புழக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். முகம் கழுவி வந்து, "அந்தப் புள்ள செத்துப்போயிருந்தா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்?" என்று கேட்டார். அப்பா அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்து, "உக்காரு சாமி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவியாமா" என்றார்.

கதவைத் தாழ்போடச் சொன்னது யார் என்று கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்று மேடத்தைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். எனக்கு அதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு. இப்போது தியானத்துக்கு ஆள் கிடையாது, ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் பதிவு செய்த குரல் ஓடுகிறது. அந்தக் குரலுக்கு எங்கள் பயம் தெரியாது.

போன ஆடியில் அப்பா போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் புதிதாக மெஷின் இறக்கியிருந்தார்கள், அது ஓடிக்கொண்டிருந்தது. நூல்கூட அறுந்து நிற்கவில்லை. நான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம்கூடப் பயமில்லாமல். காபி கொண்டுபோனபோது அவர் உடம்பு ஆறிப்போயிருந்தது. எத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், எந்தச் சத்தமும் நின்று எனக்குச் சொல்லவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மேடம் திருநெல்வேலியிலிருந்து போன் செய்தார். "அக்கா" என்று அழுதார். பிறகு, "வீட்ல தனியாவா இருக்கீங்க? பயமா இருக்காக்கா?" என்றார்.

"இருக்குதுங்க மேடம். சாயங்காலம் காலேஜ் விட்டுத் தெருமொனையில திரும்பறப்பதான் ரொம்ப பயமா இருக்குதுங்க. வண்டிச் சத்தம் அங்க யாருக்குங்க கேக்கப் போகுது?" என்றேன்.