ஆறு நாற்காலிகளின் ஜெர்மன்

டயாலிசிஸ் பிரிவில் ஆறு நாற்காலிகள். ஜெர்மன் வினைச்சொல்லுக்கும் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவங்கள். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவர் இரண்டாம் நாற்காலியில் வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் சாய்ந்து கிடக்கும் பஸ் கண்டக்டர்.

ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ்; அங்கே எல்லாருக்கும் அவர் பெரிய சிஸ்டர். வயது நாற்பத்தொன்று. ஜெர்மனியில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. ஜெர்மன் பேச்சுத் தேர்வில்தான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். மூன்றாவதும் போனால் வேலை கைநழுவும். இரண்டு மகள்களின் படிப்பு அதை நம்பி இருந்தது.

அரைமணிக்கு ஒரு தடவை அவர் ரத்த அழுத்தம் பார்க்க வர வேண்டும். கையில் பட்டையைச் சுற்றும்போதே ஒவ்வொருவரும் தங்கள் நாற்காலி வரிசைப்படி வந்த வடிவத்தை அவரிடம் கேட்பார்கள். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்க, ஜெர்மனைத் தமிழெழுத்தில் எழுதிய சீட்டு ஆளுக்கொன்று. அன்றாடம் ஓடியது 'நேமன்' என்ற சொல். எடுத்தல் என்று பொருள். முன்னால் 'ட்ஸூ' என்ற துண்டை ஒட்டினால் எடை கூடுவது. வேறொன்றை ஒட்டினால் எடை குறைவது, ரத்தம் எடுப்பதும்கூட. தண்ணீர் கூடக் குடித்துவிட்டு எடை மேடையில் ஏறித் திட்டு வாங்குகிறவர்களுக்கு இது சொந்தச் சொல் மாதிரி. "ரெண்டரை கிலோ ட்ஸூநேமன் சிஸ்டர், திட்டிடுங்க" என்று கண்டக்டரே முந்திக்கொள்வார்.

நான்காம் நாற்காலித் தையல்காரர் மட்டும் சீட்டை வாங்கவில்லை. அவர் கையில் பெரிய சிஸ்டர் ஊசி போட்டால்தான் நரம்பு பிடிபடும்; புதிதாகச் சேர்ந்த சின்ன சிஸ்டரோ மற்றவர்களோ குத்தினால் வீங்கிவிடும்.

"நீங்க பாஸ் பண்ணிட்டா என் கை என்னாகும்? அதுக்கு நானே பாடம் வேற கேக்கணுமா?"

'நாங்கள்' இல்லாமலே பாடம் நடந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருநாள், தையல்காரரின் பட்டையைக் கழற்றியபடி இறந்தகாலத்தை முணுமுணுத்த சிஸ்டர் பாதியில் தடுமாறினார். கண்ணை மூடியிருந்த தையல்காரர் சொன்னார்: "வீர் நாமன்." நாங்கள் எடுத்தோம்.

அறையே திரும்பிப் பார்த்தது. இரண்டு மாதமாகக் காதில் விழுந்ததில் தானாகவே மண்டையில் ஏறிவிட்டதாம்.

"சின்ன சிஸ்டரக் கூப்பிடுங்க. நீங்க இருக்கும்போதே என் கையில பழகட்டும். வீங்கினா வீங்கட்டும்."

அடுத்த நான்கு முறையும் வீங்கத்தான் செய்தது. பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்று சின்ன சிஸ்டரின் விரலைப் பிடித்து இடம் காட்டினார்.

தேர்வில் தேறிவிட்டதாக முடிவு வந்ததும் பெரிய சிஸ்டர் வீட்டுக்குக்கூடப் போன் செய்யாமல், ஈரக் கண்ணோடு நான்காம் நாற்காலிக்குத்தான் ஓடினார். நன்றி என்று ஆரம்பித்தவரை, ஒரு கையைச் சின்ன சிஸ்டரிடம் நீட்டியிருந்த தையல்காரர் மறுகையால் அமர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். இந்தப் பொண்ணு இப்பத்தான் குத்துது."