சொன்ன பேச்சைத் தட்டாதவள்

தையல்காரம்மாவுக்கு மகளைப் பற்றி ஒரே பெருமை, சொன்ன பேச்சைத் தட்டாதவள் என்பது. மகளுக்கு முப்பத்திரண்டு வயது; அறிவு வளர்ச்சி குறைவு என்று சின்ன வயதிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எழு என்றால் எழுவாள், குளி என்றால் குளிப்பாள். எல்லாவற்றுக்கும் "சரி"தான். அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் ஓய்ந்ததே இல்லை.

அந்தப் பெருமைதான் கடைசியில் காலை வாரிவிட்டது. மகள் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிறாள். அங்கே இஸ்திரி போடுகிறவரும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அம்மா சந்தோஷமாகப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் சம்மதம் சட்டத்துக்கு வேண்டாம், பெண்ணின் சம்மதம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி மகளிடம் திரும்பினார்.

"அவர் தொட வர்றப்ப உங்களுக்குப் பிடிக்கலன்னா என்னம்மா சொல்லுவீங்க?"

"சரின்னு சொல்லுவேன்," என்றாள் மகள், பாராட்டுக்காக அம்மாவைப் பார்த்தபடி.

அதிகாரி பேனாவை மூடினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் சொல்கிற சரியைச் சம்மதம் என்று எழுத முடியாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். அப்போதும் இதே பதில் என்றால் கல்யாணம் பதிவாகாது.

அம்மா தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் பாடம் நடத்தினாள்.

"வேணாம்னு சொல்லுடி."

"சரிம்மா."

ஒரு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஒருநாள் மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மா சலவைக்கூடத்துக்குப் போனாள். ஜன்னல் வழியே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர் மகளின் கையைப் பிடிக்கப் போனார். "இப்ப வேணாம்," என்றாள் மகள். அவர் கையை எடுத்துக்கொண்டு டீயைக் குடித்தார். முகம் சுண்டவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லையா? சொன்னாள். ஐந்து வயதில், தலை வாரும்போது, அழுதுகொண்டே சொன்னாள். யார் சீப்பை நிறுத்தினார்கள்?

அன்று முதல் தினமும் காலையில் அம்மா, "வாரிவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சீப்போடு காத்திருந்தாள். இரண்டு வாரம் வரைக்கும் "சரி"தான். பிறகு ஒரு காலையில் மகள் சீப்பைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, தயங்கித் தயங்கி வேண்டாம் என்றாள். அம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அதிகாரி மகளை உள்ளே கூப்பிட்டதும், பழக்கதோஷம், அம்மாவும் கூடவே எழுந்தாள்.

"நீ வேணாம்மா. நானே பேசிக்கறேன்."

வலிக்கத்தான் செய்தது. தானே வாரிக்கொண்ட தலையோடு மகள் முன்னால் நின்றாள். வகிடு கோணலாக இருந்தது. அதை நேராக்க நீண்ட கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு அம்மா உட்கார்ந்துவிட்டாள்.