அஞ்சலகத்துக்கு வழி சொல்பவர்

அந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், நின்றுகொண்டிருந்ததால் வந்தது என்பார் பூட்டுக்காரர். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். தெருவில் மற்ற எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடை வாசலில், சாவி அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எதிர்வரிசையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. வெளிநாட்டுக் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் மூன்று வாரப் படிப்புக்குக் கும்பலாக வந்து இறங்குவார்கள். இரண்டாம் நாள் ஒரு பயிற்சி உண்டு. தெருவில் யாரையாவது பிடித்து அஞ்சலகத்துக்கு வழி கேட்க வேண்டும். பதிலை நோட்டில் எழுதி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போகிறவர்கள் நிற்கவில்லை. பதினேழு வருடமாக எல்லாப் பிள்ளைகளும் பூட்டுக்காரரையே கேட்டார்கள்.

அவரும் பதிலை நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார். வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் பிள்ளைகள் விழித்தார்கள். ஆகவே புத்தகம் பேசுவதுபோலப் பேசுவார்.

"நேராகச் செல்லுங்கள். இரண்டாவது தெருவில் இடப்பக்கம் திரும்புங்கள். அங்கே மஞ்சள் நிறக் கட்டடம் ஒன்று உள்ளது. அதுவே அஞ்சலகம்."

பிறகு நோட்டில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பள்ளியில் யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை.

"வீட்டுல ஒண்ணு கேட்டா பதில் வராது. தெருவுல போறவங்களுக்கு மட்டும் பிரசங்கம்" என்பாள் மனைவி.

இரண்டு வருடம் முன்பு அஞ்சலகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மஞ்சள் கட்டடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்தது. அடுத்து வந்த கும்பலிடம் பூட்டுக்காரர் உள்ளதைச் சொன்னார். பதினாறு பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். விடைப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. பதினாறு பேருக்கும் பூஜ்யம். அன்று மாலையே அவருடைய கொழுந்தியாள் கடைக்கு வந்தாள். பள்ளி அலுவலகமே அவள் பொறுப்பு.

"என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? ஒரு பொண்ணு அழுதுகிட்டே ஊருக்குப் போன் பண்றா."

"போஸ்ட் ஆபீஸ் அங்க இல்லையேம்மா."

"இல்லாட்டி என்ன, புத்தகத்துல இருக்குல்ல? புதுப் புத்தகம் வர நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருங்க."

"சும்மா இருந்தா யார் வழி சொல்றது?"

"சரி, சும்மா இருக்க வேணாம். பழையபடியே சொல்லுங்க."

பழையபடியே சொன்னார். யாருக்கும் எந்தக் கஷ்டமும் வரவில்லை. கையெழுத்து வாங்கிய பிள்ளைகள் அஞ்சலகத்துக்கா போகிறார்கள்? வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெண் வந்தாள். தோளில் பெரிய பை. மூச்சிரைத்தது.

"மன்னிக்கவும் ஐயா, அஞ்சலகம் எங்கே உள்ளது?"

இரண்டாம் நாள் கடந்து பத்து நாளாகியிருந்தது. மந்தமான பிள்ளை போல என்று நினைத்து, வழியைச் சொன்னார். அவள் ஓடினாள். இவ்வளவு அக்கறையான பிள்ளையை அவர் பார்த்ததில்லை.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்து அதையே கேட்டாள். அவரும் அதையே, இன்னும் நிதானமாகச் சொன்னார். அவள் மறுபடி ஓடினாள். மூன்றாம் முறை வந்தபோது கையில் ஒரு உறையை நீட்டினாள். நோட்டுக்குப் பதில் இப்போது உறை கொடுத்தனுப்புகிறார்கள் போலிருக்கிறது. வாங்கித் திருப்பி, பின்பக்கம் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் அழ ஆரம்பித்தாள்.

கையெழுத்துக் கிடைத்த பிறகு அழுத பிள்ளை இதுவரை இல்லை.

"ஐயா, இது பயிற்சி அல்ல" என்றாள் அவள். 'பயிற்சி' என்பது புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல், அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பூட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இந்த நாட்டிலேயே ஒரு வருடம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சம்மதக் கடிதத்தை அனுப்ப வேண்டும். உறையில் இன்றைய தேதி முத்திரை இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆசிரியையிடமும் கேட்டிருக்கிறாள் என்பது பின்னால் தெரிந்தது. ஆசிரியை பூரித்துப்போய், "அருமையான கேள்வி! தெருவில் போய்க் கேள்" என்றாராம். பிள்ளைகளின் போன்களைக் காலையிலேயே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். பூட்டு, நம்மவர் விற்றதுதான்.

"அடக் கண்றாவியே, நிஜமாவே போஸ்ட் ஆபீஸா?" என்றார். அவளுக்கு அது புரியவில்லை.

புது அஞ்சலகம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தார். தெரியாது. பக்கத்துக் கடை முடிவெட்டுபவரைக் கேட்டார். மழை வருமா என்று கேட்கும் பயிற்சிக்குப் பிள்ளைகள் போவது அவரிடம்.

"போஸ்ட் ஆபீஸா? அது உங்க டிபார்ட்மென்ட் ஆச்சே. மழையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

தையல்கார அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்கதானே தினம் கத்தறீங்க, மஞ்சக் கட்டடம்னு? உங்களை நம்பி எங்க அக்காவை அங்க அனுப்பினேன். புதுக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்து நிக்கறா."

மனைவிக்குப் போன் செய்தார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ் டெப்போ பின்னால" என்றாள் அவள். "ரெண்டு வருஷமா நான்தான் போயிட்டு வரேன். எங்கடி போறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"வந்து கேக்கறேன்."

"ஆமா, கேட்டுக் கிழிச்சீங்க."

மணி நாலு முப்பத்தைந்து. வேனில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவள் உறையை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள். ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தார். அவளுக்குப் புரிகிற மாதிரி அவருக்குத் தெரிந்தது நாலு வாக்கியம். நாலும் பொய்.

அஞ்சலகத்தில் ஒரே ஒரு கவுன்ட்டர்தான் திறந்திருந்தது. உள்ளே இருந்தவள் கைப்பையை மேஜையில் எடுத்து வைத்துவிட்டாள். பெண் ஓடிப்போய் முன்னால் நின்றாள். பதற்றத்தில் வாய்க்கு வந்தது அது ஒன்றுதான்.

"மன்னிக்கவும் அம்மா, அஞ்சலகம் எங்கே உள்ளது?"

கவுன்ட்டர்க்காரி அவளைப் பார்த்தாள். பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"இதுதாம்மா."

"மிக்க நன்றி" என்று உறையை நீட்டினாள் பெண்.

கவுன்ட்டர்க்காரி அதைத் திருப்பிப் பார்த்தாள். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்" என்றார் பூட்டுக்காரர்.

"நீங்கதான் அனுப்பறீங்களா?"

"இல்லை. நான் வழி சொல்றவன்."

"பின்னால அனுப்பறவங்க பேர் மட்டும்தான் இருக்கணும். வழி சொல்றவங்க பேரெல்லாம் போடக் கூடாது. அடிச்சுக் குடுங்க. மூட ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

பேனாவை வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். 'மிக நன்று' என்பதையும் அடித்தார். பெண் தன் பெயரை எழுதினாள். முத்திரை விழுந்தது. சரியாகப் பதியவில்லை என்று கவுன்ட்டர்க்காரி இன்னொரு தடவையும் குத்தினாள்.

பெண் ஜன்னலோரம் போய் நின்றாள். திடீரென்று பூட்டுக்காரரைப் பார்த்து அவளுடைய பாஷையில் பேச ஆரம்பித்தாள். வேகமாக, கையை ஆட்டி, நடுவில் சிரித்து, யாரையோ திட்டி, மூக்கை உறிஞ்சி, நிறுத்தாமல். இவ்வளவு நேரமும் நாலு நாலு வார்த்தையாகப் பேசிய பெண்தானா இது என்றிருந்தது. பூட்டுக்காரர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷட்டரை இறக்கப் போன கவுன்ட்டர்க்காரி பாதியில் நிறுத்தினாள். "என்ன சொல்றா?"

"தெரியலை" என்றார் அவர். "நல்லாப் பேசறா."