சித்தப்பா மன்மதனான மாசி

எங்கள் சித்தப்பாவுக்குச் சாமி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோயிலில் வரவில்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்குப் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டில், பின் அறையில், ஒரு சாக்குப் படுக்கையின் மேல் வந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். வெளியே பனி நின்றது. பனிக்குள்ளிருந்து தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்த வருஷம் முழுவதுமே, எது எங்கே முடிந்தது என்று தெரியாமல், அப்படித்தான் எனக்கு நினைவிருக்கிறது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. நல்ல குரல், நல்ல முகவெட்டு, கூடவே குடி. அந்தக் கடைசிச் சங்கதி இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்டது என்பார் அப்பா. அம்மா அப்போது அடுப்பில் விறகைத் தள்ளப் போய்விடுவாள். அவள் தள்ளுகிற வேகத்திலேயே அது எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிடும். தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை. அதற்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் சாராயம் காய்ச்சினார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் சித்தப்பா ஓடையைத் தாண்டுவார். கடலையே தாண்டி வந்தவருக்கு ஓடை எம்மாத்திரம்? திரும்பி வரும்போதுதான் அது அகலமாகிவிடும், யாராவது போய்த் தூக்கி வர வேண்டும். சித்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு நெல்லியாளத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டால் வருவேன், இல்லையென்றால் என் பிள்ளைக்கு அப்பன் இல்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த மாசியில், வந்த இடத்தில் முதன்முதலாகக் காமன் கூத்து வைப்பது என்று லயத்தில் முடிவாயிற்று. தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதும், ரதி அழுது மன்றாடி அவனை உயிர்ப்பித்துக்கொள்வதும்தான் கூத்து. இலங்கையில் வருஷா வருஷம் மன்மதன் வேஷம் கட்டியவரைக் கப்பலை விட்டு இறங்கியதும் வால்பாறைக்கு அனுப்பிவிட்டார்கள். ரதி கட்டுகிறவர் மட்டும் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். மன்மதனுக்கு எங்கே போவது என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள்.

"எங்க கொழுந்தனாரு கட்டட்டும்."

சபையே சிரித்தது. "மன்மதன் வில்லப் பிடிப்பாரா, வில்லு மன்மதனப் பிடிக்குமா?" என்றார் ஒருவர். அம்மா சிரிக்கவில்லை. அவளோடு இன்னும் நாலைந்து பெண்கள் எழுந்து நின்றார்கள். விறகு பொறுக்கப் போன இடத்திலேயே அவர்கள் இதைப் பேசி வைத்திருந்தார்களாம். மன்மதன் கட்டுகிறவருக்கு மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். காப்பு இருக்கும்வரை கறி கிடையாது, சாராயம் கிடையாது. மீறினால் சாமி குத்தம், லயத்துக்கே ஆகாது. சித்தப்பா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சாமி காரியத்தை மாட்டேன் என்று சபையில் எப்படிச் சொல்வது? கையை நீட்டினார்.

காப்பு கட்டிய மறுநாளே சாமி வந்துவிட்டது. முதலில் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தேத்தண்ணியெல்லாம் சட்டையில்தான். பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. எங்களுக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் வழித்து வழித்துப் போட்டார். நானும் போய்ப் பார்த்தேன். ஓர் எறும்புகூட இல்லை.

"அது சாமி கண்ணுக்குத்தான் தெரியும். ஒனக்குத் தெரியாது," என்றாள் அம்மா.

அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். லயத்துப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தால் இன்னொருத்தி கருப்பட்டி போட்ட தேத்தண்ணி. ஓடைக்கரைக் கூட்டாளிகள் இரண்டு பேர், அண்ணன் இருக்காரா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். "மன்மதன் எறங்கியிருக்கு. குடிச்ச வாயோட கிட்ட வராதீங்க," என்றார் அப்பா. வந்தவர்கள் பயந்துபோய், தூரத்திலேயே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். தோட்டத்து மருந்துக்காரரும் பையோடு வந்து சித்தப்பாவுக்கு ஊசி போட்டார். சாமிக்கு எதுக்குங்க ஊசி என்று கேட்டேன். "ரொம்ப உக்கிரமா இருக்குல்ல தாயி, கொஞ்சம் தணிக்கணும்," என்றார் சிரிக்காமல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலகை இடுக்கு வழியாகச் சாமியைக் காட்டுகிறேன் என்று லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். தட்சணை ஆளுக்கொரு கொய்யாக்காய். அம்மா பார்த்துவிட்டாள். அதுவரை என்மேல் கை வைக்காதவள் அன்று முதுகில் வைத்தாள். சாமி கும்பிட ஆள் சேர்த்ததற்காக அடி வாங்கிய பக்தை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிற்பாடு நான் நர்ஸ் வேலைக்குப் படித்து ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, வார்டில் ஒருவர் போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் வருகிற நடுக்கம் அது. கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிரையே கொண்டுபோய்விடும். அது சாராயத்தின் வேலை என்று எங்கள் லயத்தில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர்கூட வாய் தவறியும் சொல்லவில்லை. அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஒருவழியாகச் சாமி தணிந்தது. சித்தப்பா தூங்கினார், சாப்பிட்டார், பனிக்குள் நின்று மன்மதன் அடவும் பாட்டும் பழகினார். அவர் குரல் மட்டும் வாசல்வரை வரும், ஆள் தெரியாது. கூத்தில் அவரை எரித்தும் ஆயிற்று. உயிர்ப்பிக்கிற நாள் முற்பகலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தி வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாள். வீட்டுக்கு வரவில்லை. கூத்துப் பார்க்க வந்தேன் என்று மட்டும் யாரிடமோ சொன்னாள்.

தப்பு மேளம் முழங்கியது. பால் தெளித்ததும் அவரை மூடியிருந்த வெள்ளைத் துணி அசைந்தது. அட்டைக் கிரீடத்தோடு சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். இனி காப்பை அறுக்க வேண்டும். கூட்டாளிகள் இரண்டு பேரும் முன்வரிசைக்கு வந்திருந்தார்கள். கூத்து வாத்தியார் கத்தியை எடுத்தார். சித்தப்பா கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க அய்யா. இது போச்சுன்னா நான் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருவேன்."

வாத்தியாருக்கும் இரக்கம்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "சாமி மலையேறணுமில்லப்பா? கையக் குடு," என்றார். சித்தப்பா மெல்லக் கையை நீட்டினார். அப்போதுதான் சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையை அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"புள்ள கையில இருக்கையில கத்தி வேணாங்க அய்யா," என்றாள்.

வாத்தியார் அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, அப்பறமாப் பாப்போம்," என்றார். அந்த அப்புறம் வரவேயில்லை. அதன் பிறகு சித்தப்பா ஓடைப் பக்கமே போகவில்லை என்று சொன்னால் பொய். போன நாட்களும் உண்டு; மறுநாள் காலையில் அவர் மணிக்கட்டில் புது மஞ்சள் நூல் இருக்கும், சித்தி கட்டியது.

அன்று அவர் பிள்ளையை இறக்காமலே வீடுவரை நடந்தார். சித்தி பின்னாலேயே வந்தாள். எனக்கோ ஒரே கவலை.

"காப்ப அறுக்கலையேம்மா, சாமி எப்படிம்மா போகும்?"

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா. சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. அவ்வளவு அழுது உயிர் வாங்கிக் கொடுத்த ரதியிடம் போய்ச் சேர முடியாமல், பாவம் மன்மதன், எங்கள் சித்தப்பாவுக்குள் மாட்டிக்கொண்டாரே என்று பல நாள் அவருக்காக வருத்தப்பட்டேன்.