ஒண்ணாங்கிளாஸ் எக்ஸ்கர்ஷன் இலாகா

1. பூட்டு

சின்னப் பிள்ளைகளை வெளியே எங்கே அழைத்துப்போவது, எப்படி அழைத்துப்போவது என்று புதிதாக வேலைக்குச் சேரும் டீச்சர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டதும் எனக்கு ஒரு பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. நல்ல கனமான பித்தளைப் பூட்டு. அறுபதுகளில் ஒருநாள் காலை, போர்ட் பிளேரில் ஹாடோ பக்கம் ஓர் இலாகா நடத்திவந்த சின்ன மியூசியத்தின் கதவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தமிழ் செக்ஷன் ஒன்றாம் வகுப்பு முழுவதும் இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்துக்கொண்டு நின்றது. எங்களை இறக்கிவிட்ட லாரி போய்விட்டிருந்தது.

அன்றைக்கு அந்தக் கதவு திறக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இனி எக்ஸ்கர்ஷனே கிடையாது. ஹெட்மாஸ்டர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

2. சின்னதுகளுக்கு எதுக்கு?

எங்கள் பள்ளி அதே ஊரில் டாலிகஞ்ச் ஓரத்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வகுப்புப் பையன்கள் எக்ஸ்கர்ஷன் போவார்கள். சின்னப் பிள்ளைகள் அவர்களுக்கு டாட்டா காட்டுவார்கள். சின்னவர்களுக்கான எக்ஸ்கர்ஷன் திட்டம் அவ்வளவுதான்.

ஹெட்மாஸ்டர் சுந்தரேசன் தஞ்சாவூர்க்காரர். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் மட்டும் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிவார்கள். நான் போய்க் கேட்டதும் சிரித்தார்.

"சின்னதுகளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வண்டியில வாந்தி எடுக்கும், எறக்கிவிட்டா ஒண்ணுக்கு வருதுன்னும். தீவுல பொறந்ததுகள். சுத்திலும் கடல். இன்னும் என்னத்தப் பாக்கணும்?"

சுற்றிலும் கடல்தான். ஆனால் அப்பா பி.டபிள்யூ.டி. வேலைக்கும் அம்மா அடுப்படிக்கும் போன பிறகு, அந்தப் பிள்ளைகளுக்குக் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டி எதையும் காட்ட ஆளில்லை. பாடப்புத்தகமோ மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது. அதில் ரயில் இருந்தது, நரி இருந்தது. இரண்டும் எங்கள் தீவில் இல்லை. போர்டில் ரயில் படம் போட்டு அரைமணி நேரம் தொண்டை கிழிய விளக்கினேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், இது தண்ணில எப்டி மெதக்கும்?" என்றாள். அன்றுதான் இவர்களை எங்கேயாவது அழைத்துப்போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் நச்சரிப்பு தாங்காமல் ஹெட்மாஸ்டர் இறங்கிவந்தார். "ஒரே ஒரு தடவை. அறிவு வளர்ற எடமா இருக்கணும். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுரணும். சரியா?"

3. அறிவு வளரும் இடங்கள்

நானும் எங்கள் ஆயா பார்வதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் தேடிக் கிளம்பினோம். பார்வதி தீவிலேயே பிறந்தவள். கைதிகளை இங்கே கொண்டுவந்த காலத்துக் குடும்பம். அவள் தமிழில் பாதி இந்தியாக இருக்கும்.

எல்லோரும் முதலில் சொன்னது ஜெயிலைத்தான். பார்வதி தலையை ஆட்டிவிட்டாள். "நஹி டீச்சரம்மா. எங்க பர்தாதா, கொள்ளுத்தாத்தா, அதுக்குள்ள கெடந்தவரு. அஞ்சு வயசுப் பசங்களுக்கு அங்க என்ன மஜா?" ஜெயிலை அத்தோடு விட்டேன்.

மரம் அறுக்கும் மில்லைச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இருப்பது ஆளுக்குப் பத்து விரல்தான் என்பதால் அதையும் விட்டேன். கடற்கரைக்குப் போகலாமா என்றதற்கு ஹெட்மாஸ்டர், "பீச்சுல என்ன அறிவு வளரும்?" என்றார். மணலில் தமிழ்ப் பாடத்தை எழுதவைப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை.

கடைசியில் கிடைத்தது அந்த மியூசியம். அங்கே ஆள், அதிகாரி, காவலாளி எல்லாமே அப்பாராவ் ஒருவர்தான். தெலுங்குக்காரர். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியையும் சொந்த வீட்டு நகைபோலக் காட்டினார். பாதிப் பெட்டிகளில் சங்கும் சிப்பியும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் அதே சங்கு, இங்கே லத்தீன் பெயரோடு படுத்திருந்தது. மீன்கள் பாட்டிலில் வெளுத்துக் கிடந்தன. இதைப் பார்த்தால் பிள்ளைகள் கேட்கப்போவது ஒரே கேள்வி: குழம்பா, வறுவலா? ஆனால் மூலையில் வாயைப் பிளந்தபடி பஞ்சடைத்த முதலை ஒன்று இருந்தது. அது போதும் என்று நாள் குறித்தேன்.

"பிகர் மத் கரோ டீச்சர்கார், கவலப்படாதீங்க. காலைலயே தொறந்து வைக்கிறேன்" என்றார் அப்பாராவ்.

4. கப்பல் வந்த நாள்

கப்பல் நான் குறித்த நாளுக்கு மறுநாள் வரவேண்டியது. முன்கூட்டியே வந்துவிட்டது.

மெயின்லாந்து கப்பல் வருவதென்றால் அந்நாளில் என்னவென்று இப்போது விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. கடிதம், வெங்காயம், வெற்றிலை, மாமனார் எல்லாம் ஒரே கப்பலில் வரும். ஊதல் கேட்டதும் ஊரே ஜெட்டிக்குப் போய்விடும். லீவு என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆபீஸில் யாரும் இருப்பதும் இல்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டு, கப்பலைக் கணக்கில் சேர்க்காமல் நாள் குறித்தது நான்தான்.

பார்வதி எதிர்க்கடையில் விசாரித்துவிட்டு ஓடிவந்தாள். "ஜஹாஜ் ஆ கயா டீச்சரம்மா! அப்பாராவ் பாபு ஜெட்டிக்குப் போயிட்டாராம். அவரு சம்சாரம் பச்சப் புள்ளையோட வருதாம். சாவி அவரு பாக்கெட்ல."

பெண்டாட்டியும் குழந்தையும் வந்தால் நானாக இருந்தாலும் போயிருப்பேன். கோபப்படக்கூட வழியில்லை. சாவியை வாங்கிவரலாம் என்று பிள்ளைகளை நடத்தியே சாத்தம் ஜெட்டிக்கு அழைத்துப்போனேன். சாவிக்காகத்தான் போனேன். இதை ஒருவரும் இன்றுவரை நம்பவில்லை.

ஜெட்டியில் கிரேன் ஒரு வெள்ளைப் பசுவை வயிற்றில் பட்டை கட்டி ஆகாயத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. நான்கு காலும் தொங்க, அது சாவகாசமாக ஊரைச் சுற்றிப் பார்த்தது. "டீச்சர், மாடு பறக்குது!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் குதித்தது. மாட்டுக்குக் கை ஆட்டினார்கள். கிரேன் ஓட்டுபவருக்கு ஆட்டினார்கள். டிரங்குப் பெட்டியோடு இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஆட்டினார்கள். அழுக்கு மூட்டையைத் தோளில் சுமந்த கூலிக்காரர் ஒருவர் நின்று பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுப் போனார். அத்தனை சந்தோஷத்தை நான் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வகுப்பறையில் பார்த்ததில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது கோட்டு போட்ட ஒருவர் படியில் இறங்கினார். அவருக்கும் கை ஆட்டினார்கள். அவர் மெயின்லாந்திலிருந்து வரும் கல்வி இலாகா பெரிய ஆபீஸர் என்பது, கையில் மாலையோடு நின்ற எங்கள் ஹெட்மாஸ்டரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் இருக்கவேண்டிய அவரும் ஜெட்டியில்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

ஆபீஸர் மலர்ந்துபோனார். "மிஸ்டர் சுந்தரேசன்! இவ்வளவு சின்னக் குழந்தைகளைக்கூட என்னை ரிசீவ் பண்ண அழைச்சிட்டு வந்திருக்கீங்களே! வெரி டச்சிங்!"

ஹெட்மாஸ்டர் இமைக்கவே இல்லை. "எல்லாம் ஒரு மாசமா பிளான் பண்ணினது சார்" என்றார்.

முதல் பெஞ்சுப் பெண் ஆபீஸரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அந்த மாடு உங்களுதா?"

5. உத்தரவு

மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பெரியவர் வாயாரப் புகழ்ந்தாராம். இனி எந்த ஆபீஸர் கப்பலில் வந்தாலும் ஒன்றாம் வகுப்பு ஜெட்டியில் வரிசையாக நின்று வரவேற்க வேண்டும். அசையாமல், வெயிலானாலும் மழையானாலும்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகள் நாலு இடம் பார்க்கட்டும் என்று அலைந்தேன். அவர்களைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் காலில் செருப்புக்கூடக் கிடையாது.

அன்று மதியம் அந்த ஆபீஸரே வகுப்பைப் பார்க்க வந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர். நான் பணிவாக, மிகவும் பணிவாக, ஆரம்பித்தேன்.

"சார், மன்னிக்கணும். நேத்து வரவேற்பு சரியா அமையல. பிள்ளைங்க உங்களைவிட மாட்டைத்தான் அதிகமா பாத்தாங்க."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ரிகர்சல் குடுக்கலாமே?"

"அதேதான் சார். ஆனா ஸ்கூலுக்குள்ள குடுத்துப் பிரயோஜனமில்ல. கூட்டத்தைப் பாத்தா மெரளுதுங்க. கடலு, கப்பலு, யானை, புது எடம், எல்லாம் பாத்துப் பழகிட்டா அப்புறம் வேடிக்கை பாக்காது. உங்களை மட்டும்தான் பாக்கும். மாசம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போனா..."

"மாசம் ஒரு தடவை போதுமா?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

ஹெட்மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. லாரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு நாங்கள் ரிகர்சல் செய்தோம். கார்பின்ஸ் கோவ் மணலில் உருண்டு ரிகர்சல் செய்தோம். காட்டு இலாகா யானை குளிப்பதைப் பார்த்து ரிகர்சல் செய்தோம். அப்பாராவின் முதலை வாய்க்குள் ஒவ்வொருவராகக் கையை விட்டு ரிகர்சல் செய்தோம். அவர் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அதுவும் வரிசையில் சேர்ந்துகொண்டது. பெரிய ஆபீஸர்கள் எப்போதாவதுதான் வந்தார்கள். வந்தபோது பிள்ளைகள் ஒழுங்காகக் கை ஆட்டிவிட்டு, உடனே கிரேன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிழல் பார்த்து நிற்கவைப்பதை நானும் பார்வதியும் பார்த்துக்கொண்டோம்.

இளைய டீச்சர்களே, இடம் எங்கே என்று கேட்கிறீர்கள். இடம் எங்கும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் எல்லோரையும் ஒண்ணுக்குப் போகவையுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் எப்போது வருகிறதென்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலிடத்தில் மட்டும், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒருபோதும் கேட்டுவிடாதீர்கள். நிதி இல்லை என்பார்கள். உங்களுக்கு மரியாதை செய்யப் பழக்குகிறோம் என்று சொல்லுங்கள். மாசம் ஒரு தடவை போதுமா என்று அவர்களே கேட்பார்கள்.