திலகண்ணை பதிந்து தந்த அப்பாவின் குரல்

திலகண்ணை செத்துப்போனார். நேற்று, வவுனியாவில்.

காலையில் வாட்ஸ்அப் குறூப்பில் யாரோ போட்டிருந்தார்கள்... கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். கும்பிட்டவர்களில் எத்தனை பேர் அவருடைய வீட்டுப் பக்கம் போயிருப்பீர்கள்?

கோபிக்க வேண்டாம். நானும் போகவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

தெரியாதவர்களுக்கு... பரந்தனில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும்.

சமாதான காலத்தில் பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டர் எடுப்பித்தார். அதை விறாந்தையில் வைத்து, இசைத்தட்டுப் பிளேயரிலிருந்து ஒரு வயரைக் கொழுவி, தன்னிடமிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றத் தொடங்கினார்.

ஏற்றுகிற நேரம் அவருடைய அட்டகாசம் தாங்காது. ஒருவரும் நடக்கக் கூடாது. ஸ்பீக்கரையே நிற்பாட்டி விடுவார், பதிகிற பாட்டு அவருக்கே கேட்காது. நாயைத் தெருவுக்குக் கலைப்பார்.

"சத்தம் வயராலதானே அண்ணை போகுது, நாய் நிண்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாய் துள்ளினா நிலம் அதிரும், நிலம் அதிர்ந்தா ஊசி துள்ளும். ரீச்சர், நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ. எனக்கு வேண்டாம்."

என் அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளாக். எழுபதுகளில் கொழும்புக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டில் பாடினார். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. எனக்கு ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய குரல் எனக்கு நினைவில் இல்லை.

அந்தத் தட்டு அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் கிடந்தது. திலகண்ணையிடமும் ஒன்று இருந்ததாம், முந்தின இடப்பெயர்வில் தொலைந்ததாம். அந்தக் காலத்தில் ஊரூராகப் போட்டவர், அவருக்கு அந்தப் பாட்டு தண்ணீர்பட்ட பாடு.

நான் அம்மாவின் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சண்டை தொடங்கிப் பாதை திரும்பவும் பூட்டியிருந்தது. பெற்றோல் இல்லை. அவருடைய ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது.

பிளேயரில் தட்டுச் சுற்றும் மேடையின் ஓரம் முழுக்கச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பல்ப் வெளிச்சத்தில் பார்க்க அந்தப் புள்ளிகள் அசையாமல் நின்றால் ஸ்பீட் சரி. நின்றன. குனிந்து இரண்டு தரம் பார்த்தார்.

"சரி ரீச்சர், உங்கட கொப்பர் வாறார்" என்றார்.

பதிந்து சீடியில் ஏற்றி முடிந்ததும், போட்டுக் கேட்க எண்ணெய் இல்லை. சீடியைக் கையில் தந்து அனுப்பினார். வீட்டில் பற்றரி பிளேயரில் போட்டேன். அம்மா முதல் வரியிலேயே கையைக் காட்டினார்.

"நிப்பாட்டு பிள்ளை. இது ஆரோ பெடியன் பாடுறான். இது அந்த மனிசன் இல்லை."

அழுதார். அத்தனை வருடம் பொத்திப்பொத்தி வைத்திருந்தவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. நேரே போய் அவருடைய முற்றத்தில் நின்று கத்தினேன்.

"என்ன கண்டறியாத வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"புள்ளி நிண்டது ரீச்சர். நான் பாத்தனான்."

"அந்தப் புள்ளியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ!" தட்டைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்.

"பிழை என்னிலதான் ரீச்சர். பல்ப்பும் அந்த ஜெனரேற்றர்தான், பிளேயரும் அந்த ஜெனரேற்றர்தான். ஜெனரேற்றர் ஸ்பீட் கூடி ரெண்டும் சேர்ந்து கெதியா ஓடினாலும் புள்ளி நிண்ட மாதிரித்தான் தெரியும். என்ர விசர் மண்டைக்கு அது விளங்கேல்லை. தட்டை ஒருக்காத் தாங்கோ. ஒட்டுசுட்டானில ஒராளிட்ட பற்றரியில ஓடுற பிளேயர் கிடக்கு. வாங்கியந்து திருப்பிப் பதியிறன்."

"உங்கட கையில இனித் தரமாட்டன்" என்றேன்.

மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் அதே பதில். கடைசித் தரம் நல்ல வெயில். உள்ளே வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தருமபுரம், விசுவமடு, அதற்கும் அங்கால்... தட்டு ஒரு பங்கருக்குள் மண்ணோடு போனது. அம்மாவையும் வழியில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

செட்டிகுளம் முகாமில் ஒருநாள் தண்ணீர் வரிசையில் திலகண்ணை. எலும்பும் தோலுமாக. மடியை அவிழ்த்துப் பொலித்தீனில் சுற்றிய ஒரு சாமானைக் காட்டினார். கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க். அதை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கொப்பர் இதுக்குள்ள இருக்கிறார் ரீச்சர். கொஞ்சம் கெதியாத்தான் பாடுறார். வெளியில போனாப் பிறகு இருந்து குறைச்சுத் தாறன். சரியான சுருதி எனக்குத் தெரியும்."

"அம்மா போயிட்டா. இனி ஆருக்கு?" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாவம் மனிசன், அதைத் திரும்பவும் மடியில் கட்டினார்.

வெளியே வந்த பிறகு வவுனியாவிலிருந்து ஆள் பிடித்து, அந்தப் பாட்டைப் பதிந்தபடியே ஒரு பென் டிரைவில் அனுப்பினார். கூடவே ஒரு துண்டு. ரீச்சர், ஒரு நாளைக்கு வாங்கோ, உங்களுக்கு முன்னால இருந்து குறைச்சுத் தாறன், பத்து நிமிச வேலை.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஒரு பஸ். இந்த லீவுக்குப் போவோம், அடுத்த லீவுக்குப் போவோம் என்று இத்தனை வருடம்... பிழை விட்டவர் மூன்று தரம் வந்து கேட்டார். எனக்கு ஒரு தரம் போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என்ன சென்மம் நான்.

இன்று காலை செய்தி பார்த்த பிறகு அந்தப் பாட்டைக் கொம்பியூட்டரில் போட்டு ஸ்பீடைக் குறைத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைத்தால் ஒரு ஆள் பாடுகிறார். இன்னும் குறைத்தால் வேறு ஆள். மத்தியானம் வரை குறைத்தேன், கூட்டினேன், குறைத்தேன்.

இதில் எவர் என் அப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இனி ஒருவரும் இல்லை.

போங்கோ திலகண்ணை. ஒருக்கா வந்திருக்கலாம் நான்.