கம்ப்யூட்டருக்குப் படைத்த பொரி

போன வாரம் பேத்தி புது லேப்டாப் வாங்கி வந்தாள். திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் தொட்டு, கண்ணில் ஒற்றி, "நல்லா கீது" என்று சொல்ல வேண்டும். மிக்ஸி வந்தபோதும் அப்படித்தான், மருமகள் வந்தபோதும் அப்படித்தான். இரண்டுமே சத்தம் போடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லேப்டாப்பை மடியில் வைத்து இடது பக்கம் தடவினேன். வலது பக்கம் தடவினேன். கவிழ்த்தும் பார்த்தேன்.

"இன்னா ஆயா தேடிகினு கீற?"

"தட்டு எங்கடி? சிடி வெக்கிற தட்டு."

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல ஆயா. எது வேணும்னாலும் நெட்லயே எறக்கிக்கலாம்."

"அப்போ ஆயுத பூஜைக்குப் பொரிய எங்க வெப்ப?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பேசுவதில் முக்கால்வாசி கிண்டல் என்பதால் அவள் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு நிஜமாகத்தான் கேட்டேன். புது மெஷின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குக் கூடவே வெல்ல வாசனையும் ஏறும். வேறு யாருக்கும் இப்படி ஒரு மூக்கு இருக்காது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டிய வயசு. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தனசேகர் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பாரிவாக்கத்துக்காரர். வயலில் ஒரு துண்டு பிளாட் ஆனபோது அதில் வந்ததை வைத்து ஆரம்பித்த கடை. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். மனு டைப் அடிக்க, வாடகை அக்ரிமென்ட் எடுக்க, ரிசல்ட் பார்க்க என்று ஜனம் வரும். நான் பெருக்கித் துடைக்கப் போனேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு நான் ஓடினேன் என்று எங்கள் அம்மா சொல்லும். வாத்தியார்தான் முதலில் ஓடினார் என்பது என் கட்சி.

தனசேகர் நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் டீ வாங்கித் தரச் சொன்னாலும் வாங்கித் தருவார். அதிலும் அவர் பெண்சாதியின் தம்பி பாபு வந்துவிட்டால் ஆள் தண்ணீரில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்துவிடுவார். பாபுவுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஐந்து மெஷினிலும் விண்டோஸ் போட்டுக் கொடுத்தது அவன்தான். மார்க்கரால் எழுதிய ஒரு சிடி வைத்திருப்பான். அம்பத்தூர் முழுக்க அந்த ஒரே சிடிதான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் ரோட்டில் பேச்சு கிளம்பியது. காசு கொடுக்காமல் விண்டோஸைக் காப்பி அடித்துப் போட்ட கடைகளை ஆள் வந்து சோதிக்கிறார்களாம், பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறார்களாம். யாரும் வரவில்லை. ஆனால் சட்டையை உள்ளே விட்ட ஆள் யார் கடை ஏறினாலும் தனசேகர் எழுந்து நின்றார். ஜவுளிக்கடை நோட்டீஸ் கொடுக்க வந்தவனுக்குக்கூட நாற்காலி போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செந்தில் வந்தார். நூம்பல் பக்கம் ஃபிளாட்டில் குடியிருந்தவர், மதுரைப் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் தனசேகர் புலம்பினார். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருங்கண்ணே. காசும் கிடையாது, களவும் கிடையாது. எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு யாரு வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்."

மறுநாள் அந்தக் கடை வரிசையில் இருந்த எல்லாருக்கும் லினக்ஸைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அதில் ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்டோ ஸ்டாண்டு கோபால் டீ கிளாசோடு வந்து கடை வாசலில் நின்றான்.

"சும்மா குடுக்குறான்னா அதுல இன்னாவோ கீது அண்ணாத்தே. எனக்கு யாராச்சும் சும்மா பெட்ரோல் போட்டா நான் வண்டிய எடுக்கவே மாட்டேன்."

"நீ சவாரிக்கே எடுக்க மாட்ட," என்றேன்.

"அத விடு யக்கா. யார் வேணா தொறந்து பாக்கலாமாமே. ஊட்டத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவியா நீ?"

செந்தில் அவனுக்கு என்னென்னவோ விளக்கினார். எனக்கே கொட்டாவி வந்தது. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது: ஊரே சேர்ந்து செய்ததாம், எவனும் முதலாளி இல்லையாம்.

"அப்போ ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துற மாதிரின்னு சொல்லு நைனா," என்றேன். "ஒருத்தி கேவுரு மாவு குடுப்பா, ஒருத்தன் வெறவு குடுப்பான், ஒருத்தி வெங்காயம் அரிவா. அண்டா யார்துன்னு எவனும் கேக்க மாட்டான். சொம்பு எடுத்தாந்தவன் குடிப்பான்."

செந்தில் என்னையே பார்த்தார். "அக்கா, இத எங்க ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் படம் போட்டுச் சொன்னாங்க."

"கூழ்ல உப்பு கம்மியா இருந்தா யார கேக்குறதாம்?" என்றான் கோபால்.

"நீயே போட்டுக்க. உன்ன எவன் தடுத்தான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் உட்கார்ந்து ஐந்து மெஷினிலும் ஏற்றிக் கொடுத்தார். போகிற போக்கில் எழுத்தையெல்லாம் தமிழாக மாற்றிவிட்டார். பெங்குவின் படம் ஒன்றையும் சுவரில் ஒட்டினார். அதுதான் லினக்ஸுக்கு அடையாளமாம். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவிகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கம்ப்யூட்டர் தெரிந்தவன் எவனுக்கும் அந்த மெஷின் பிடிபடவில்லை. இங்கே இருந்தது அங்கே இல்லை, அங்கே இருந்தது எங்கேயும் இல்லை. திரையில் 'கோப்பு' என்று இருக்கும். ஃபைல் எங்கே என்று தேடுவார்கள். 'அச்சிடு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பிரிண்ட் எங்கே என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு முன்னால் எதுவும் தெரியாததால் மறக்க வேண்டியதும் எதுவுமில்லை. மூன்றாம் வகுப்புத் தமிழை எழுத்துக் கூட்டினால் போதும். துடைக்கிற துணியோடு நின்றபடி, "மேல பாருப்பா, கோப்புன்னு போட்டுகீதே, அத அமுக்கு," என்பேன். காலேஜ் படித்த பிள்ளை அமுக்கும். பிரிண்ட் வரும். அந்த சந்தோஷம் இருக்கிறதே, எனக்கு அரைக்கிலோ ஏறும்.

இரண்டு மாசத்தில் தனசேகர், "யக்கா, நின்னுகினே எதுக்குச் சொல்ற, உக்காரு," என்று சக்கரம் வைத்த நாற்காலியைத் தள்ளிவிட்டார். அதுவரை நான் வேலை செய்த எந்த இடத்திலும் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. முதல் நாள் உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் ஓடியது. நானும் கூடவே போனேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு உக்காந்துகினே வேல செஞ்சேன்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அத நான் தெனம் செய்யறேன்," என்றார் அவர். அவருக்கு வேலை இல்லாத காலம் அது.

பாபுவுக்கு இது பொறுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, சுவரிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"மாமா, ஜனம் சிரிக்குது. விஜயதசமி நல்ல நாளு. காலைல சிடியோட வரேன், பழசையே ஏத்திர்றேன். டிப்ளமா படிச்ச பொண்ணு ஒண்ணு கீது, அது உக்காந்து பாத்துக்கும். யக்கா பழையபடி பெருக்கிகினு இருக்கட்டும். இன்னா யக்கா?"

"நான் இன்னா சொல்லப் போறேன் தம்பி," என்றேன். சக்கரத்தைக் காலால் அழுத்திக்கொண்டேன்.

தனசேகர் என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார், கடைசியில் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். "செய் மாப்ள," என்றார். வேறு என்ன சொல்வார், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமே.

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவிவிட்டோம். மாவிலைத் தோரணம், வாழைக்கன்று. ஐந்து மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். பெங்குவினுக்கும் வைத்தோம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் போலப் பார்த்தது. ஒரு தாம்பாளம் நிறையப் பொரி, பொட்டுக்கடலை, இளக்கிய வெல்லம். எங்கள் பக்கத்தில் எந்த மெஷினுக்கும் அதன் வாயில்தான் படைப்போம். மாவு மில்லில் அரவை மெஷின் தொட்டியில் வைப்பார்கள், தையல் மெஷினுக்கு ஊசியடியில் வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு வாய் எது?

தனசேகர் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார். நான் முதல் மெஷினில் பொத்தானை அமுக்கினேன். சிடித் தட்டு நாக்கு மாதிரி நீண்டு வந்தது. ஒரு பிடி பொரியை வெல்லத்தில் நன்றாகப் பிசைந்து வைத்தேன். மறுபடி அமுக்கினேன். சாமி உள்ளே வாங்கிக்கொண்டது. பக்தி என்று வந்துவிட்டால் எனக்குக் கை தாராளம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதுக்குப் போவதற்குள் தனசேகர் உள்ளே வந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்து பூ வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் நல்ல பிள்ளையாகத் தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டு, கற்பூரத்தட்டைத் தேடுகிற சாக்கில் நகர்ந்தேன். போகட்டும், டிப்ளமா பெண்ணுக்கு ஒன்று, எனக்கு நான்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் மெஷினை எல்லாம் அணைத்துவிட்டோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. வெல்லம் இறுக அது போதும்.

விஜயதசமி காலையில் நான் போனபோது தனசேகர் எனக்கு முன்னாலேயே கடையைத் திறந்திருந்தார். பாபு சிடியோடு வந்தான். அந்தக் காலத்தில் சிஸ்டம் ஏற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி சிடிதான். முதல் மெஷினைப் போட்டு, தட்டுப் பொத்தானை அமுக்கினான். உள்ளே யாரோ அப்பளம் தின்கிற சத்தம் கேட்டது. தட்டு கால்வாசி வந்து நின்றது. விரலை விட்டு இழுத்தான், வெல்லப்பாகு நூல் நூலாகக் கூடவே வந்தது.

"இன்னா மாமா இது, பொரி கீது உள்ள?"

"படையல் தம்பி," என்றேன். "வாய்ல வெச்சத நோண்டாத. குத்தமாயிடும்."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எறும்பு வரிசை கிளம்பி வந்தது. நான்காவதை அவன் தொட்டதோடு சரி. வாசலில் நின்ற கோபால் சாமி கும்பிடுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

பாபு ஐந்தாவதுக்கு நகர்ந்தான். அதில் நான் எதுவும் வைக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். யாராவது எடுக்கச் சொல்வதற்கு முன்னால் நாமே எடுத்துவிட்டால் மரியாதை. அவன் பொத்தானை அமுக்கினான்.

அப்பளச் சத்தம்.

நான் துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். மெல்லத் திரும்பி தனசேகரைப் பார்த்தேன். அவர் மும்முரமாக ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார். வைத்த பேப்பர் வைத்த இடத்தில் இருக்காமல் அவர் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது.

"அஞ்சுக்கும் புது டிரைவ் மாத்தணுமே மாமா," என்றான் பாபு.

"இப்ப எதுக்கு மாப்ள வீண் செலவு," என்றார் தனசேகர், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே. "ஓடுற வரைக்கும் ஓடட்டும். சாமி சாப்டதுக்கு நாம இன்னா பண்றது. யக்கா, எதுக்கு நின்னுகினு கீற, உக்காரு."

அதன் பிறகு பல வருஷம் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு சக்கரம் போய், இரண்டு சக்கரம் போய், கடைசியில் அது ஓடாத நாற்காலி ஆனது. அன்றைய பொரியைப் பற்றி அவரும் நானும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. மனுவும் ரிசல்ட்டும் உள்ளங்கைக்கே வந்துவிட்டதால் கடைக்கு யார் வருவார்கள்? இப்போது அந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது. பெங்குவின் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தனசேகர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியத்துக்குப் போயிருந்தபோது பாபுதான் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"இதுல எந்த சிஸ்டம்டி போட்டுகீது?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"பெட்டிக்குள்ள வந்ததுதான் ஆயா. அத யார் பாக்குறா?"

இந்தத் தெருவில் யாருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. லேப்டாப்பை மூடி மேலே குங்குமம் வைத்தேன். சுற்றிலும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். எறும்பு நுழையக்கூட வழியில்லை. முடியாது என்று வாயால் சொல்லத் தெரியாத ஒரு மனுஷன், இதில் எந்த இடத்தில் வெல்லம் வைப்பான்?